ஒரே எஞ்சின், பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல் வேகம்

“அக்கா, ஒரு கையெழுத்துதான். மாசா மாசம் நானே கட்டிடுவேன்.”

சிரம்பானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அம்மா வைத்திருந்த மீன் குழம்புக்குப் பக்கத்தில் தம்பி ஒரு கடன் விண்ணப்பத்தை விரித்து வைத்தான். 200 குதிரைத்திறன் கொண்ட புதிய அவுட்போர்ட் எஞ்சின் வாங்க 75,000 ரிங்கிட் கடன். அதற்கு ஜாமீன் போட வேண்டியவள் நான்.

தம்பிக்கு 27 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், சேமிப்பையெல்லாம் வழித்தெடுத்து 19 அடி நீளமுள்ள பழைய விசைப்படகு ஒன்றை வாங்கினான். பின்பக்கத்தில் 150 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று. வாங்கிய புதிதில் அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் லுக்குட் ஆற்றிலிருந்து கிளம்பி, தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் வரை போகும் நண்பர்களில் எப்போதும் கடைசியாக வந்து சேர்வது அவன்தான். “நீ வர்றதுக்குள்ள நாங்க டீ குடிச்சு முடிச்சிட்டோம்” என்று யாரோ ஒருவர் கேலி செய்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தைதான் 75,000 ரிங்கிட்டாக எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது.

நான் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். படகைப் பற்றி எனக்கு அப்போது எதுவும் தெரியாது. ஆனால் ஓர் இயந்திரம் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லை என்றால், புதிய இயந்திரம் வாங்குவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். அளந்து பார்க்க வேண்டும்.

“ஆறு வார இறுதி எனக்குக் கொடு. அதுக்கப்புறமும் புது எஞ்சின் வேணும்னா கையெழுத்துப் போடுறேன்” என்றேன்.

தம்பி யோசித்தான். அம்மா குழம்புச் சட்டியை நகர்த்திவிட்டு, “கடல்ல போறதுக்கு என்னடா இவ்வளவு அவசரம்?” என்றார். அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

முதலில் அளவு

“இப்போ எவ்வளவு வேகம் போகுது?” என்று கேட்டேன். “எழுபது, எழுபத்தஞ்சு இருக்கும்” என்றான் தம்பி. கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ்ஸில் ஒரு தடவை 70 காட்டியதாம். அன்று காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம், டாங்கியில் பெட்ரோல் எவ்வளவு என்று கேட்டால் எதற்கும் விடை இல்லை.

கடலில் வேகத்தை அளப்பதில் இது முக்கியமான சிக்கல். நீரோட்டத்தோடு போனால் வேகம் கூடுதலாகவும், எதிர்த்துப் போனால் குறைவாகவும் காட்டும். ஆகவே ஒரே பாதையில் போய், உடனே திரும்பி வந்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். உலக நீர்வேகச் சாதனைக்கும் இதே விதிதான். ஒரு கிலோமீட்டர் தூரத்தை இரு திசைகளிலும் ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடித்து, சராசரியைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

நாங்களும் விதிகள் வகுத்துக்கொண்டோம். டாங்கி பாதி நிரம்பியிருக்க வேண்டும். படகில் நாங்கள் இருவர் மட்டும். காற்று எழும்புவதற்கு முன் காலை நேரத்தில் ஓட்டம். குளிப்பவர்களும் மீன்பிடி படகுகளும் இல்லாத, கரையிலிருந்து நன்றாகத் தள்ளியிருக்கும் நேர்ப்பாதை. ஒரு வாரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

முதல் ஞாயிறு: போகும்போது மணிக்கு 66 கிலோமீட்டர், திரும்பும்போது 62. சராசரி 64. எஞ்சின் நிமிடத்துக்கு 5,200 சுற்று. தம்பியின் எழுபத்தைந்து அன்றே கடலில் கரைந்துவிட்டது.

வழுக்கும் விசிறி

அன்று மதியம் படகுத்துறையில் ‘பாக் சிக்’ ஒருவரைச் சந்தித்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவுட்போர்ட் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். எங்கள் எண்களைக் கேட்டதும், எஞ்சினைத் தொடக்கூட இல்லை. குனிந்து, பின்னால் இருந்த விசிறியைச் சுற்றிப் பார்த்து, “இந்தக் கிப்பாஸ் 19 பிட்ச். கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?” என்று மலாயில் கேட்டார்.

அன்றுதான் இந்தக் கணக்கை நான் கற்றுக்கொண்டேன். மரத்தில் திருகாணியை முறுக்கினால், ஒவ்வொரு சுற்றுக்கும் அது குறிப்பிட்ட தூரம் உள்ளே போகும் அல்லவா? படகின் விசிறியும் அப்படித்தான். 19 பிட்ச் என்றால், ஒரு முழுச் சுற்றில் 19 அங்குலம், அதாவது சுமார் 48 சென்டிமீட்டர் முன்னேற வேண்டும். எங்கள் எஞ்சினின் கியர் விகிதம் 1.92. அதாவது எஞ்சின் 1.92 தடவை சுற்றினால் விசிறி ஒரு தடவை சுற்றும். 5,200 சுற்றில் எஞ்சின் ஓடும்போது விசிறி நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,708 தடவை சுற்றுகிறது. கணக்குப்படி படகு மணிக்கு 78 கிலோமீட்டர் போயிருக்க வேண்டும்.

நாங்கள் போனது 64. மீதி 14 கிலோமீட்டர் எங்கே?

தண்ணீர் மரம் இல்லையே. விசிறி சுற்றும்போது தண்ணீர் கொஞ்சம் வழுக்கி விலகும். இதை வழுக்கல் என்கிறார்கள். எல்லாப் படகிலும் வழுக்கல் உண்டு. பூஜ்ஜியம் ஆகவே ஆகாது. எங்களுக்கு அது 18 விழுக்காடு. இந்த வகைப் படகில் பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் கொண்டுவர முடியும் என்றார் பாக் சிக்.

“எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. அது கொடுக்கிறதை நீங்க வீணாக்குறீங்க” என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அடியில் ஒட்டியவை

விசைப்படகு மெதுவாகப் போகும்போது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. வேகம் கூடியதும் மேலே எழுந்து, தண்ணீரின் மேல் சறுக்க ஆரம்பிக்கிறது. குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசினால் தவ்விக்கொண்டு போகுமே, அதைப் போல. அந்த நிலையில் படகின் அடிப்பகுதியில் கடைசிச் சில அடிகள்தான் தண்ணீரில் உரசும். அந்த இடம் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

எங்கள் படகைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அடியில் படுத்துக்கொண்டு விளக்கடித்துப் பார்த்தோம். முந்தைய உரிமையாளர் மாதக்கணக்கில் ஆற்றிலேயே கட்டி வைத்திருந்திருக்கிறார். கொட்டலசு ஒட்டியிருந்து உதிர்ந்த வட்ட வட்டத் தழும்புகள் கைக்குச் சொரசொரவென்று தட்டுப்பட்டன. மலாய் மீனவர்கள் ‘தெரித்திப்’ என்று சொல்வது இதைத்தான். அது போதாதென்று, எப்போதோ பழுதான ஆழமானியின் உலோகத் தாங்கி ஒன்று பின்பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. வேகமாகப் போகும்போது அது தண்ணீரைக் கிளறி, நேராக விசிறிக்குள் காற்றுக் குமிழ்களை அனுப்பும்.

தாங்கியைக் கழற்றி, துளைகளைக் கசியாமல் அடைத்தோம். பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, ஈர உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். இரண்டு பேருக்கும் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. பிறகு ஒன்றரை மீட்டர் அலுமினிய அளவுகோலை அடிப்பகுதியில் பின்பலகையிலிருந்து முன்னோக்கி நீளவாக்கில் வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் அடிப்பகுதி உள்வாங்கி வளைந்திருந்தால் படகின் மூக்கு கீழே அழுந்தும், வேகம் கெடும். வெளிப்பக்கம் புடைத்திருந்தால் படகு டால்பின் மாதிரி குதித்துக் குதித்துப் போகும். தள்ளுவண்டியின் தாங்குகட்டைகள் சரியாகப் பொருந்தாவிட்டால் ஆண்டுக்கணக்கில் இப்படி வளையக்கூடும். நல்ல வேளை, எங்களுடையது நேராகவே இருந்தது.

இரண்டாவது ஞாயிறு: 5,300 சுற்று, 66 கிலோமீட்டர். செலவு 90 ரிங்கிட்.

“ரெண்டு கிலோமீட்டருக்கா இவ்வளவு பாடு?” என்றான் தம்பி. ஆனால் அன்று குறிப்பேட்டை அவனே வாங்கி எழுதினான்.

140 கிலோ

மூன்றாவது வாரம் படகில் இருந்த எல்லாவற்றையும் இறக்கினோம். அம்மாவின் பழைய பேப்பர் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். இரண்டு நங்கூரமும் துருப்பிடித்த சங்கிலியும் 28 கிலோ. வேலை செய்யாத இரண்டாவது பேட்டரி 22. ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலிகள் 18. தம்பியின் கருவிப்பெட்டி 15. பாதி காலியான எண்ணெய் டின்கள் 12.

பெரிய அதிர்ச்சி தரைப்பலகைக்குக் கீழே இருந்தது. பார்வைத் துளையைத் திறந்தால் உள்ளே தண்ணீர். மிதவை நுரையைச் சுற்றி எத்தனை நாளாகத் தேங்கியிருந்ததோ. கையடக்கப் பம்பு வைத்து வாளி வாளியாக எடுத்தோம். 45 லிட்டர், அதாவது 45 கிலோ. தம்பி இரண்டு ஆண்டுகளாக, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆளை இலவசமாகச் சவாரி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

உயிர்காப்பு அங்கிகள், ஒரு நங்கூரமும் கயிறும், தீயணைப்பான், குடிநீர், கைவிளக்கு, விசில் ஆகியவற்றைத் திரும்ப வைத்தோம். வேகத்துக்காக இவற்றில் எதையும் கரையில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. மற்றவை வீட்டுக்கு வந்தன. மொத்தம் 140 கிலோ குறைந்தது.

படகுத்துறையில் பழைய கணக்கு ஒன்று புழங்குகிறது. சறுக்கிச் செல்லும் படகின் வேகம், குதிரைத்திறனை எடையால் வகுத்து வருவதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பள்ளியில் படித்த வர்க்கமூலம் இப்படிப் படகில் வந்து உட்காரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆட்கள் உட்பட எங்கள் படகு ஏறத்தாழ 1,250 கிலோ. அதில் 140 குறைந்தால் வேகம் சுமார் 6 விழுக்காடு கூட வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு: 5,500 சுற்று, 69 கிலோமீட்டர். கணக்கு கிட்டத்தட்ட அப்படியே பலித்தது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. அம்மாவின் ஐஸ்பெட்டி திரும்பக் கிடைத்ததுதான் மிச்சம்.

ஒரு துளை மேலே

அவுட்போர்ட் எஞ்சினின் கீழ்ப்பகுதியில், விசிறிக்குச் சற்று மேலே, கிடையாக ஒரு தகடு இருக்கும். விசிறி மேலிருந்து காற்றை இழுத்துக்கொள்ளாமல் தடுப்பது அதன் வேலை. வழக்கமாக இந்தத் தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராக இருக்கும்படி எஞ்சினைப் பொருத்துவார்கள். எங்களுடையது மட்டத்துக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அவ்வளவு உலோகத்தையும் தண்ணீருக்குள் வீணாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறோம்.

பின்பலகையில் எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு மேலும் கீழுமாகப் பல துளைகள் இருக்கும். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி சுமார் 19 மில்லிமீட்டர். பாக் சிக் சங்கிலிக் கப்பியில் எஞ்சினைத் தூக்கி, ஒரு துளை மேலே மாட்டி, தண்ணீர் கசியாதபடி பூச்சு வைத்து இறுக்கினார். கூலி 200 ரிங்கிட்.

“இதுக்கு மேல தூக்கணும்னா தண்ணீர் அழுத்தமானி வெச்சிக்கோங்க” என்றும் எச்சரித்தார். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், கீழ்ப்பகுதியில் உள்ள சிறு துவாரங்கள் வழியாகத்தான் ஏறுகிறது. எஞ்சின் அளவுக்கு மீறி மேலே போனால், துவாரங்கள் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். எஞ்சின் சூடேறி வீணாகும். 260 ரிங்கிட்டுக்கு மானியை வாங்கி மாட்டினோம்.

இத்துடன் டிரிம் பொத்தானைச் சரியாகப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டோம். கிளம்பும்போது எஞ்சினின் காலை உள்பக்கமாக இழுத்து வைக்க வேண்டும். படகு சறுக்க ஆரம்பித்ததும், பொத்தானைத் தட்டித் தட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் உயர்த்த வேண்டும். மூக்கு எழும், தண்ணீரில் உரசும் பரப்பு குறையும், வேகம் ஏறும். ஓர் எல்லைக்கு மேல் உயர்த்தினால் படகு தவ்வத் தொடங்கும். அப்போது ஒரு தட்டு கீழே இறக்கினால் போதும்.

நான்காவது ஞாயிறு: 5,650 சுற்று, 72 கிலோமீட்டர்.

அந்த ஐந்தாவது ஞாயிறு

ஐந்தாவது ஞாயிறு காலை படகில் ஏறியபோது தம்பி வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வாரத்தின் நடுவில், எனக்கும் சொல்லாமல், பாக் சிக்கிடமும் கேட்காமல், நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய் எஞ்சினை இன்னும் இரண்டு துளைகள் மேலே தூக்கி மாட்டியிருக்கிறான். ஒரு துளைக்கு 3 கிலோமீட்டர் என்றால் இரண்டு துளைக்கு 6 என்பது அவன் கணக்கு.

நேர்ப்பாதையில் எல்லாம் நன்றாகவே இருந்தது. 70-ஐத் தாண்டியதும் படகு இடமும் வலமுமாக மெல்ல ஆடத் தொடங்கியது. வி வடிவ அடிப்பகுதி கொண்ட படகு, மிக வேகமாகப் போகும்போது தன் நடுமுதுகின் மேல் மட்டும் நிற்க முயலும். சைக்கிள் ஓட்டப் பழகும் பிள்ளை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். உடனே வேகத்தைக் குறைப்பதுதான் சரி. தம்பி குறைக்கவில்லை. தூரத்தில் இழுவைப் படகு ஒன்று கடந்து போயிருந்தது. அதன் அலை வருவதைப் பார்த்துச் சற்றே திருப்பினான்.

திருப்பத்தில் விசிறி காற்றைப் பிடித்துவிட்டது. எஞ்சின் ஓலமிட்டது. பிடி விட்டுப்போன படகு ஒரு கணம் தொய்ந்து, மறுகணம் மறுபடியும் பிடித்துக்கொண்டு சடாரென்று பக்கவாட்டில் வெட்டி இழுத்தது. நான் முழங்கையால் கைப்பிடியில் மோதினேன். தம்பி இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டு, படகின் விளிம்பில் பாதி உடம்பு வெளியே தொங்க விழுந்தான். ஸ்டீரிங்கில் கை இல்லை.

எஞ்சின் நின்றது.

நின்றதற்குக் காரணம் ஒரு சிவப்புச் சுருள் கயிறு. ஒரு முனை ஓட்டுநரின் அங்கியில், மறுமுனை எஞ்சினின் நிறுத்து விசையில். ஓட்டுநர் இடத்தைவிட்டு விலகினால் கயிறு விசையைப் பிடுங்கிவிடும், எஞ்சின் அணைந்துவிடும். முதல் வாரத்தில், “இதை மாட்டாட்டி நான் படகில் ஏற மாட்டேன்” என்று சண்டை போட்டுத்தான் அவனை மாட்ட வைத்தேன். “யாரும் மாட்டுறதில்லக்கா” என்றான் அப்போது. அந்தக் கயிறு இல்லாமல் அவன் தண்ணீரில் விழுந்திருந்தால், ஆளில்லாத படகு முழு வேகத்தில் வட்டமடித்து, விசிறியோடு அவன் மேலேயே திரும்பி வந்திருக்கக்கூடும். கடலில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளில் இந்தக் கயிற்றை மாட்டியாக வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமே இருக்கிறது.

அலைகள் படகைத் தாலாட்டிக்கொண்டிருந்தன. நீண்ட நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு தம்பி, “ரெண்டு துளை தூக்கிட்டேன்க்கா” என்றான். மெதுவாக ஓட்டிக்கொண்டே கரை திரும்பினோம். அழுத்தமானியைப் பார்த்தேன், முள் வழக்கத்தைவிட நன்றாகவே தாழ்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் போயிருந்தால் எஞ்சினும் போயிருக்கும்.

அந்த வாரம் குறிப்பேட்டில் வேகம் எழுதவில்லை. தம்பி தன் கையெழுத்திலேயே ஒரு வரி எழுதினான்: “ஒரு தடவையில் ஒரு மாற்றம். அக்காவிடம் சொல்லிவிட்டு.”

அம்மாவிடம் முழங்கைக் காயத்துக்கு என்ன காரணம் சொன்னோம் என்பதை இங்கே எழுதினால், இதைப் படித்துவிட்டு அவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விசாரிப்பார். ஆகவே அது வேண்டாம்.

சரியான விசிறி

எஞ்சினைப் பழையபடி இரண்டு துளைகள் இறக்கிவிட்டு, கடைசி மாற்றத்துக்கு வந்தோம்.

எங்கள் எஞ்சின் முழு வேகத்தில் 5,000 முதல் 5,800 சுற்றுக்குள் ஓட வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேடு சொல்கிறது. அதற்குக் கீழே ஓடினால் எஞ்சின் திணறும். மேலே போனால் தேய்மானம். படகு இலகுவானதால் எங்கள் எண் 5,650-க்கு ஏறியிருந்தது. பெரிய பிட்ச் விசிறியைத் தாங்கும் தெம்பு இப்போது எஞ்சினுக்கு இருந்தது. பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் பொதுவாக 150 முதல் 200 சுற்று குறையும். ஆக, 19-க்குப் பதில் 21 போடலாம்.

பழைய விசிறி அலுமினியம். முழு அழுத்தத்தில் அதன் இறக்கைகள் சற்று வளைந்து கொடுக்கும். துருப்பிடிக்காத எஃகு விசிறியின் இறக்கைகள் மெல்லியவை, வடிவம் மாறாது, தண்ணீரை விடாமல் பிடிக்கும். ஆனால் அதற்கு ஒரு குறையும் உண்டு. பாறையில் மோதினால் அலுமினிய இறக்கை உடைந்து அடியைத் தாங்கிக்கொள்ளும். எஃகு உடையாது, அடி கியர்பெட்டிக்குப் போகக்கூடும். ஆழம் குறைந்த இடங்களில் ஓட்டுபவர்கள் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

பாக் சிக் தன் பட்டறையிலிருந்து பழைய 21 பிட்ச் எஃகு விசிறி ஒன்றை எடுத்து, “ஓட்டிப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்” என்றார். விலை 1,600 ரிங்கிட்.

ஆறாவது ஞாயிறு: போகும்போது 77, திரும்பும்போது 75. சராசரி 76. எஞ்சின் 5,300 சுற்று. வழுக்கல் 14 விழுக்காடு.

76-ஐத் தொட்டபோது அந்தப் பழைய ஆட்டம் மிக லேசாகத் தொடங்கியது. நான் வாய் திறப்பதற்குள் தம்பியே வேகத்தைக் குறைத்தான். “போதும்க்கா. 80 வேணாம்” என்றான்.

கையெழுத்து

வீட்டுக்கு வந்து அதே சாப்பாட்டு மேசையில் இன்னொரு கணக்கைப் போட்டோம். 150-லிருந்து 200 குதிரைத்திறன் என்றால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி. ஆனால் வர்க்கமூலக் கணக்குப்படி வேகம் 15 விழுக்காடு மட்டுமே கூடும். 64 என்பது 74-க்குக்கூட எட்டாது, புதிய எஞ்சினின் கூடுதல் எடையையும் சேர்த்தால். அதற்கு விலை 75,000 ரிங்கிட். நாங்கள் 76 அடைய ஆன மொத்தச் செலவு 2,150.

அதைவிட முக்கியமான ஒன்று எங்கள் கண்ணில் இத்தனை நாளும் படவில்லை. அடிப்பகுதியைச் சுத்தம் செய்தபோது, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சிறு தகடு தெரிந்தது. அழுக்கைத் துடைத்தால், இந்தப் படகுக்கு அதிகபட்சம் 150 குதிரைத்திறன் என்று பொறித்திருந்தது. பின்பலகை தாங்கும் எடையும் படகின் சமநிலையும் அந்த அளவுக்குத்தான். நான் அன்று கையெழுத்துப் போட்டிருந்தால், கடனுக்கு மட்டுமா ஜாமீன் நின்றிருப்பேன்?

கென் வார்பி என்ற ஆஸ்திரேலியரைப் பற்றி அன்றிரவு தம்பிக்குச் சொன்னேன். மரமும் கண்ணாடியிழையும் கொண்டு தன் வீட்டுக் கொல்லையில் படகு கட்டியவர். அரசாங்கம் ஏலத்தில் கழித்துவிட்ட பழைய ஜெட் எஞ்சின் ஒன்றே ஒன்றுதான் அதில். 1978 அக்டோபர் 8-ஆம் நாள், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் புளோவரிங் அணையில் அவர் எட்டிய சராசரி வேகம் மணிக்கு 511 கிலோமீட்டர். உலகச் சாதனை. அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1967 ஜனவரி 4 அன்று, இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்ட் கேம்பெல் அதே முயற்சியில் திரும்பும் ஓட்டத்தின்போது உயிரிழந்தார். வார்பி ஆண்டுக்கணக்கில் படிப்படியாக வேகத்தைக் கூட்டியவர். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் படகைத் திருத்தியவர். 2023-இல் தம் 83-ஆவது வயதில்தான் காலமானார்.

தம்பி கடன் விண்ணப்பத்தை மடித்துக் குறிப்பேட்டுக்குள் வைத்தான். கிழிக்கவில்லை. அவன் வயதில் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது.

போன மாதம் அம்மாவைப் படகில் அழைத்துப் போனோம். அம்மா, அவருடைய பை, சாப்பாட்டுக் கேரியர், திரும்பி வந்துவிட்ட அதே ஐஸ்பெட்டி. அந்தச் சுமையோடு 76 எல்லாம் வராது. உச்ச வேகம் என்பது பாதி டாங்கியும் இரண்டு ஆட்களும் உள்ள படகின் எண். ஆனால் மணிக்கு 45 கிலோமீட்டரில் நிதானமாகப் போகும்போது, முன்பு 28 லிட்டர் குடித்த எஞ்சின் இப்போது ஏறத்தாழ 24 லிட்டரில் ஓடுகிறது. சத்தமும் குறைந்திருக்கிறது. நாங்கள் பட்ட பாடு அன்றாடம் பலன் தருவது அங்கேதான்.

தஞ்சோங் துவான் அருகே எஞ்சினை அணைத்துவிட்டுச் சாப்பிட்டோம். தம்பியின் நண்பர்கள் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் படகை ஓட்டிக்கொண்டு அருகில் வந்தார். தம்பி அவருடைய இடுப்பைப் பார்த்தான்.

“கயிறு எங்கடா?” என்றான்.

உங்களிடமும் விசைப்படகு இருந்தால்

• எதையும் மாற்றும் முன் அளந்து எழுதுங்கள்: இரு திசைகளிலும் வேகம், எஞ்சின் சுற்று, பெட்ரோல் அளவு, ஆட்களின் எண்ணிக்கை.

• செலவில்லாத வேலைகளிலிருந்து தொடங்குங்கள்: சுத்தம், எடை, தரைக்கடியில் தேங்கிய தண்ணீர்.

• எஞ்சின் உயரத்தை ஒரு துளையாக மட்டும் மாற்றுங்கள். தண்ணீர் அழுத்தமானி இல்லாமல் அடிமட்டத்துக்கு மேலே தூக்க வேண்டாம்.

• முழு வேகத்தில் எஞ்சின் சுற்று, கையேட்டில் உள்ள எல்லைக்குள் இருக்கும்படி விசிறியைத் தேர்ந்தெடுங்கள்.

• படகு இடமும் வலமும் ஆடத் தொடங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

• படகில் பொறித்திருக்கும் குதிரைத்திறன் எல்லையைத் தாண்டாதீர்கள்.

• உயிர்காப்பு அங்கியும் நிறுத்துக் கயிறும் மாட்டிய பிறகே எஞ்சினைக் கிளப்புங்கள்.